சாக்குக் கழிவு

குமுளி கேட்டைத் தாண்டி பதினோராவது கடை என்னுடையது.
ஏலக்காய், மிளகு, சில்லறைக்குக் கிராம்பு.
எட்டு மில்லி காய் நாலு கூடினாலும்
என் தராசில் எண் மாறிவிடும்.

அதனால்தான் எக்சைஸ்காரர்கள் என்னிடம் வந்தார்கள்.
மழை. இரவு ஒன்பதே கால். ஷட்டர் பாதி இறங்கியிருந்தது.
"சேச்சி, தராசு ஒண்ணு வேணும். சேச்சியும் வரணும்"
என்றார் சுனீஷ் சார்.
அவர் வீட்டுப் பாயசத்துக்கு
என் கடை ஏலக்காய்தான்.

பையன் பெஞ்சில் இருந்தான். ஒற்றைச் செருப்பு.
கம்பம் பஸ்ஸை விட்டு இறங்கி
நடந்தே கேட்டைக் கடந்து
பத்தடி வைப்பதற்குள் பிடித்தார்களாம்.
பெயர் மொக்கராசு.
எங்கள் பக்கத்துப் பெயர்.
நான் எந்த ஊர் என்று கேட்கவில்லை.

துணிக்கடைப் பை, அதற்குள் தினசரித்தாள்,
தாளைச் சுற்றிப் பழுப்பு டேப்.
ஒரு ஓரத்தைக் கிழித்து மோந்து பார்த்துவிட்டு
அப்படியே தூக்கித் தட்டில் வைத்தார்கள்.
ஒன்று புள்ளி பூஜ்யம் நாலு பூஜ்யம்.
லாட்டரி முடிவு வாசிக்கிற குரலில்
ஒருவர் அதை இரண்டு தடவை சொன்னார்.

யாபாரத்துக்கு வந்த முதல் நாளே தெரிந்துகொண்டது:
சாக்கைக் கழிக்காமல் சரக்குக்கு எடை சொல்லாதே.
தோட்டத்துக்காரன் மறந்தாலும்
நான் கழித்துத்தான் பில் போடுவேன்.
அன்றைக்கும் அது நாக்கு நுனி வரைக்கும் வந்தது.
அதற்குள் பேனா வந்துவிட்டது.
இருபத்திரண்டு வருஷத்தில்
மலையாளத்தில் பஸ் போர்டு படிப்பேன்.
மகஜர் படிக்கத் தெரியாது.
கோடு போட்ட இடத்தில்
ஒச்சம்மாள் என்று தமிழில் எழுதினேன்.

பதினாலு மாசம் கழித்து சம்மன்.
முட்டம் கோர்ட்டு வராந்தாவில்
வக்கீல் குமாஸ்தா ஒருவர் சும்மா இருக்க மாட்டாமல்
சட்டம் சொன்னார்.
கிலோவுக்குள் இருந்தால் ஒரு கணக்கு,
தாண்டினால் வேறு கணக்கு.
பூங்கொத்து கஞ்சா.
தனியாக இலை, கஞ்சா இல்லை.
தனியாக விதை, அதுவும் இல்லை.
ஒரே செடிதானே என்றேன்.
"செடி ஒண்ணுதான், செக்ஷன் வேற" என்று சிரித்தார்.

கூண்டில் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று.
தராசுக்கு முத்திரை உண்டா?
உண்டு.
எந்த வருஷத்து முத்திரை?
அந்த மார்ச்சிலேயே தேதி முடிந்திருந்தது.
ஜட்ஜ் ஏதோ எழுதிக்கொண்டார்.
பையைப் பற்றி யாரும் கேட்கவில்லை.
கேட்காததற்குப் பதில் சொல்ல எனக்குத் தைரியமில்லை.

பெட்டியைப் பிரித்தார்கள். காய்ந்து சுருங்கியிருந்தது.
அதில் எனக்கு ஆச்சரியமில்லை.
அஞ்சு கிலோ பச்சைக் காய் ஸ்டோரில் ஏற்றினால்
ஒரு கிலோதான் இறங்கும்.
மொக்கராசுதான் கொஞ்சம் சதை போட்டிருந்தான்.
நேரத்துக்குச் சோறு போலிருக்கிறது.
என்னை அடையாளம் தெரியாத மாதிரி பார்த்தான்.
தெரிந்திருக்கும்.

வாய்தா போட்டார்கள். ஊர் திரும்பினேன்.
எதிர்வாடையில் புதுக் கடை, கண்ணாடிக் கதவு.
ஐந்து விரல் விரித்த அதே இலை
போர்டில் பச்சை விளக்காக எரிகிறது.
ஹெம்ப் ஆயில், முப்பது மில்லி,
ஒரு கிலோ நல்ல காயின் விலை.
லைசென்ஸ் நம்பர் பொடி எழுத்தில் உண்டு.
டாக்டர் போனிலேயே சீட்டுத் தருவாராம்.
"நல்ல தூக்கம் வரும் ஆன்ட்டி, ஒண்ணு எடுத்துக்குங்க"
என்கிறாள் அந்தப் பெண்.
தூக்கம் வராதது இவளுக்கு எப்படித் தெரியும்?

அன்று ராத்திரி ஷட்டரை முழுக்க இறக்கினேன்.
அதே துணிக்கடைப் பை என்னிடமும் ஒன்று கிடந்தது.
நாலு தாள் மடித்து உள்ளே வைத்தேன்.
டேப்பைச் சுற்றினேன், அவர்கள் சுற்றியிருந்த அளவுக்கு.
தட்டில் வைத்தேன்.
நாற்பத்தாறு கிராம்.

காலையில் தராசைத் தூக்கிக்கொண்டு
முத்திரை ஆபீசுக்குப் போனேன்.
ஃபைனும் கட்டினேன்.
அதிகாரி ஒரு கிலோ பித்தளைக் கல்லை மெதுவாக வைத்தார்.
எண் அசையாமல் நின்றது.
"தராசுல ஒரு குத்தமும் இல்ல, சேச்சி" என்றார்.